சுங்கை சிப்புட் பழைய கடைவரிசை ஓவியம்: வாங்கினா பெரிய சைஸா வாங்குங்க

நம்ம பக்கத்து ஓவியர் ஒருத்தர் மலேசியா, பேராக்ல இருக்குற சுங்கை சிப்புட் டவுன் கடைவரிசைய வாட்டர்கலர்ல வரைஞ்சு பிரிண்ட் போட்டு விக்கிறாரு. ஏ4 சைஸ் 60 வெள்ளி, ஏ2 180 வெள்ளி, ஃபிரேம் தனி. நான் ஏ2 வாங்கி ஹால்ல மாட்டிட்டேன், வீட்டுக்கு வர்ற பெரியவங்க எல்லாரும் அது முன்னால நின்னு பேச ஆரம்பிச்சிடுறாங்க.

2012ல பினாங்கு ஜார்ஜ்டவுன் சுவத்துல சைக்கிள் ஓட்டுற புள்ளைங்க ஓவியம் வந்ததுலேர்ந்து எந்த டவுனுக்கு போனாலும் பழைய கடைன்னா ஒரு ரிக்‌ஷா, ஒரு பூனை, ஒரு கோப்பி கப்புன்னு வரைஞ்சு வச்சிடுறாங்க. இது அந்த ரகம் இல்ல. இவரு கடைக்குள்ள போயி நின்னு பாத்து வரைஞ்சிருக்காரு.

மளிகைக்கடைய பாருங்க. கல்லாவுக்கு மேல கயித்துல தொங்குற மைலோ டின், காசு போட கீழ இழுத்துட்டு விட்டா மேல போயிடுமே, அது இருக்கு. அது பக்கத்துல ஆணியில மாட்டுன, கடன் கணக்கு எழுதுற 555 நோட்டு கட்டு. எனக்கு இந்த ஓவியத்துலயே ரொம்ப புடிச்ச இடம் அதுதான். ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுன குடும்பத்துக்கு அந்த சின்ன நோட்டு என்னன்னு தெரியும், மழை பெஞ்சு மரம் ஈரமா இருந்தா வெட்ட முடியாது, வெட்டுனாலும் பாலு தண்ணியோட பட்டையில வழிஞ்சு போயிடும், அப்ப அந்த மாசம் சம்பளம் கொறையும், ஆனா அரிசியும் கருவாடும் வீட்டுக்கு வந்துகிட்டுதான் இருந்துச்சு, ஏன்னா கடைக்காரரு நோட்டுல எழுதிக்கிட்டு சாமான குடுத்தாரு. சம்பளம் வந்ததும் போய் கணக்கு தீர்ப்பாங்க. இத வரையணும்னு தோணுச்சே அவருக்கு, அதுக்கே காசு குடுக்கலாம்.

போர்டுல "மொத்த விலை, சில்லறை விலை"ன்னு எழுதியிருக்கு, அந்த லை, யானை தும்பிக்கை மாதிரி வளைச்சு எழுதுற பழைய தும்பிக்கை லை. தமிழ்நாட்டுல 1978ல எழுத்து சீர்திருத்தம் வந்துச்சு, அதுக்கு முன்னாடி பழகுன கை எழுதுன போர்டு போல. அத திருத்தாம அப்படியே விட்டிருக்காரு, நல்ல வேல.

அடுத்தது முடிவெட்டுற கடை. மூணு நாற்காலி, ஒண்ணுலதான் ஆளு. சும்மா அழகுக்கு காலியா விட்டதுன்னு நெனைக்காதீங்க. 2009ல மலேசிய அரசாங்கம் முடிதிருத்தம், ஜவுளி, நகை இந்த மூணு தொழிலுக்கும் வெளிநாட்டு ஆளு எடுக்குறத நிறுத்துச்சு, 2023லதான் 7,500 பேர எடுக்கலாம்னு அறிவிச்சாங்க. நடுவுல அத்தன வருஷம் கத்தி புடிக்க ஆளில்லாம எத்தனையோ கடைங்க திண்டாடிப் போச்சு. வாடகையும் ஏறிப்போச்சு, 1948க்கு முன்னாடி கட்டுன கட்டடத்துக்கு இருந்த வாடகை கட்டுப்பாட்டு சட்டத்த 1997ல எடுத்தாங்க இல்லையா. அந்த ரெண்டு காலி நாற்காலிய பாக்குறப்ப எனக்கு மனசு கனக்குது.

குறை இல்லாம இல்ல. கடைங்க முன்னால இருக்குற அஞ்சடி நடைபாதை ரொம்ப சுத்தமா இருக்கு, நெசத்துல சாக்கு மூட்டை, வெளக்கமாறு, பிளாஸ்டிக் வாளின்னு நடக்க எடம் இருக்காது. ஓட்டுக்கு போட்ட செவப்பு புதுசு மாதிரி தெரியுது, அத்தன வருஷ மழையில நனஞ்ச ஓடு கருப்பு ஏறி பாசி புடிச்சுல்ல இருக்கும். அதவிட பெரிய கொறை, அஞ்சடி ஓரமா ஸ்டூல் போட்டு பூ கட்டி விக்கிற அக்காங்க யாரும் இதுல இல்ல. அவங்களுக்கு கடை லைசென்ஸ் போர்டு இல்லாம இருக்கலாம், ஆனா வெள்ளிக்கெழம கோயிலுக்கு போற ஊருக்கு அவங்களும் பழைய கடைதான். ஓவியர்கிட்ட நேராவே சொன்னேன், கேட்டுக்கிட்டாரு.

ஏ4 வாங்காதீங்க, அதுல நோட்டு கட்டு ஒரு புள்ளியா தெரியுது, போர்டு எழுத்து படிக்கவே முடியல, நெழலு எல்லாம் ஒரே கருப்பா அடிச்சிருக்கு. ஏ2ல வெயிலு அஞ்சடி தூணுக்கு நடுவுல விழறது அப்படியே தெரியும். தாளு நல்ல கெட்டி.

ஃபிரேம் போடுறப்ப கண்ணாடி தாள்ல ஒட்டாம நடுவுல மவுண்ட் அட்டை வைக்க சொல்லுங்க, நம்ம ஊரு ஈரத்துக்கு கண்ணாடியோட ஒட்டுனா பூஞ்ச புடிச்சிடும். வெயில் நேரா அடிக்கிற சுவத்துலயும் மாட்டாதீங்க, கலர் வெளுத்துடும்.