நீலகிரியில் டீ பேக்டரி பார்க்கப் போகிறீர்களா? டிக்கெட்டுக்கு நஷ்டமில்லை, கடையில் உஷார்

ஊட்டி, குன்னூர் பக்கம் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே விடும் டீ பேக்டரிகள் நிறைய வந்துவிட்டன. எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே வரிசைதான்: தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று மெஷினைப் பார்ப்பது, ஒரு கப் டீ, கடைசியில் கடை. மெஷின் பகுதி கொடுத்த காசுக்குத் தகும். கோளாறு அந்த ஒரு கப்பிலும் கடையிலும்தான்.

காலையிலேயே போய்விடுங்கள். பகலில் பறித்த கொழுந்து சாயங்காலத்துக்குள் பேக்டரிக்கு வந்து சேரும். அதை நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு, 12 முதல் 18 மணி நேரம் வாட்டுவார்கள். அரைவை மறுநாள்தான். ஜனவரி முதல் மார்ச் வரை பனியாலும் வறட்சியாலும் இலை வரத்து குறைவு. அப்போது மதியத்துக்கு மேல் போனால் நின்றுபோன மெஷினைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். அக்டோபர், நவம்பரில் இலை நன்றாக வரும், ஆனால் மழையில் மலைப்பாதை எப்போது அடைபடும் என்று சொல்ல முடியாது.

உள்ளே அதிக நேரம் நிற்க வேண்டிய இடம், இலையை வெட்டிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. உருளைகள். பல் வெட்டிய இரண்டு உருளைகள் எதிரெதிராக, ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் சுழலும். நடுவில் மாட்டும் இலை வெட்டுப்பட்டு, கிழிந்து, சுருண்டு பச்சைத் தூளாக விழும். சுமார் ஒரு மணி நேரம் காற்றுப் பட்டதும் அதுவே செம்பு நிறமாகும். பச்சிலை வாடை போய் மணம் மாறுவது மூக்குக்கே தெரியும். டீயின் ருசி இங்கேதான் முடிவாகிறது. நேரம் குறைந்தால் பச்சை வாடை நிற்கும், கூடினால் டிகாஷன் சப்பென்று ஆகிவிடும். பிறகு டிரையர், ஈரப்பதம் 3 சதவீதம் அளவுக்கு இறங்கும். ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரை கிலோ கொழுந்து போகும். கடைசியில், நிலைமின்சாரம் ஏறிய பிளாஸ்டிக் உருளைகள் தூளில் கிடக்கும் தண்டு நாரை மட்டும் ஒட்டி எடுக்கும். இதை முக்கால்வாசிப் பேர் கவனிக்காமலேயே நகர்ந்துவிடுகிறார்கள். மட்டமான பாக்கெட்டில் பழுப்பு நார் கலந்திருந்தால், அது இந்த இடத்தில் நீங்கியிருக்க வேண்டியது.

குடிக்கக் கொடுப்பது பெரும்பாலும் பால், சர்க்கரை, ஏலக்காய் போட்ட டீ. அதை வைத்துத் தூளை எடைபோட முடியாது. வெறும் கட்டன் டீ கேளுங்கள், பல இடங்களில் தருவார்கள். வீட்டில் சோதிக்க 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், மூடி வைத்து 6 நிமிடம். டிகாஷன் தெளிவாக, செந்நிறமாக இருந்து, நாக்கில் சுருக்கென்று பிடித்து உடனே விட வேண்டும். கசப்பு தொண்டையிலேயே தங்கினால் அந்தத் தூள் வேண்டாம்.

பால் டீ குடிக்கிற வீட்டுக்கு டஸ்ட் என்கிற பொடித் தூள் போதும். ஆர்த்தடாக்ஸ், அதாவது பொடியாக்காமல் முறுக்கிக் காயவைத்த இலையை வாங்கிப் போய்ப் பாலில் கொதிக்கவிட்டுக் கசக்கிறது என்பவர்கள் ஏராளம். அதன்மேல் கொதிநீர் ஊற்றி நாலு நிமிடத்தில் வடிக்க வேண்டும். டிசம்பர், ஜனவரிப் பனிக்கால ஆர்த்தடாக்ஸ் மணத்துக்குப் பேர்போனது. அந்தப் பேரைச் சொல்லி வருஷம் முழுக்க விற்பார்கள், பாக்கெட்டில் தயாரித்த மாதத்தைப் பாருங்கள். இஞ்சி, மசாலா, சாக்லேட் டீ எல்லாம் தேவையில்லாத செலவு. ஏலக்காயை நீங்களே தட்டிப் போட்டுக்கொள்ளலாம். உடல் இளைக்க வைக்கும் டீ என்ற அலமாரியைத் திரும்பியும் பார்க்க வேண்டாம்.

திறந்த சாக்கில் குவித்து விற்கும் தூளை விரலால் நசுக்கினால் மொறுமொறுவென்று உடைய வேண்டும். மெத்தென்று இருந்தால் ஈரம் ஏறிவிட்டது. சாயம் கலந்திருக்கும் என்று சந்தேகமா? வடிதாளில் (பில்டர் பேப்பர்) கொஞ்சம் தூளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, தூளை எடுத்துவிட்டுத் தாளைத் தண்ணீரில் அலசுங்கள். அழுத்தமான கறை நின்றால் சாயம். குளிர்ந்த தண்ணீரில் லேசாக நிறம் இறங்குவதை மட்டும் பார்த்துக் கலப்படம் என்று சண்டைக்குப் போகாதீர்கள், நல்ல சி.டி.சி. தூளும் கொஞ்சம் விடும்.

ஜோடனை இல்லாத நியாயமான தூள் வேண்டுமென்றால் டான்டீ, இண்ட்கோசர்வ் விற்பனை நிலையங்கள் மேல். டான்டீ, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்காக வைத்த தோட்டங்களிலிருந்து 1976-ல் உருவான அரசு நிறுவனம். இண்ட்கோசர்வ், சிறு விவசாயிகளின் கூட்டுறவு பேக்டரிகளுக்கான இணையம்.

வாங்கியதை நீலகிரித் தைலத்தோடு ஒரே பையில் வைக்காதீர்கள். டீத்தூள் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும், ஊருக்குப் போய்ப் பிரித்தால் தைலம்தான் மணக்கும். வெளியூர் வண்டிக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம், கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப்பாதை ஆக்குவது வழக்கம். அதனால் குன்னூர் பேக்டரியை ஏறும்போதே பார்த்துவிடுவது நல்லது.