மூச்சிலிருந்து தொடங்கும் நடிப்பு: ஆதிசக்தி உறைவிடப் பயிற்சி

வீணாபாணி சாவ்லா 1981-இல் மும்பையில் தொடங்கி, 1993-இல் புதுச்சேரிக்கு அருகே கொண்டுவந்த ஆதிசக்தி நாடகக் குழு, நடிகர்களுக்கும் நடனக் கலைஞர்களுக்கும் நடத்தும் பத்து நாள் பயிற்சியைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.

வசனத்தை மனப்பாடம் செய்து, உணர்ச்சியைப் பிறகு அதன்மேல் பூசும் பழக்கத்தில் வளர்ந்த எனக்கு, கூடியாட்டம் என்னும் கேரளச் சமஸ்கிருத நாடக மரபிலிருந்து உருவான மூச்சுப் பயிற்சியே பெரிய திறப்பாக அமைந்தது. அச்சத்தில் மூச்சு எங்கே தடைபடுகிறது, சினத்தில் அது எவ்வாறு மேலேறுகிறது என்று கவனித்து, அந்தப் போக்கை உடலில் மீண்டும் எழுப்பும்போது, நினைவுகளைத் தோண்டாமலேயே உணர்ச்சி முகத்தில் தோன்றுகிறது. மிழாவின் தாளத்தோடு இந்தப் பயிற்சியைச் செய்வது தனி அனுபவம். செப்புக் குடத்தின் வாயில் தோல் கட்டிய அந்தக் கேரள முழவின் அதிர்வு நெஞ்சுக்கூட்டிலேயே கேட்கிறது.

களரிப்பயிற்றின் மெய்ப்பயிற்சி இடுப்பையும் தொடையையும் கடுமையாகச் சோதிக்கும். முன்கூட்டியே உடலைப் பழக்கிக்கொண்டு செல்வது நல்லது. முழங்கால் வலி உள்ளவர்கள் பயிற்றுநரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கண் பயிற்சி எளிதாகத் தோன்றினாலும், இமைக்காமல் பார்வையை நான்கு திசைக்கும் மெல்ல நகர்த்துவதற்குள் கண்ணீர் வழிந்துவிடும்.

ஒரு காட்சியை உடனே அரங்கேற்றும் உத்தியைத் தேடுபவருக்கு இது உரியதன்று. தெருக்கூத்திலோ பரதத்திலோ ஏற்கெனவே ஊன்றியவர்கள்தாம், தம் உடல் அறிந்தும் பெயரிடாத நுட்பங்களை இங்கே இனங்கண்டு மிகுதியாகப் பயன்பெறுவார்கள் என்பது என் கணிப்பு.