ஏபிஐக்கு எதை நம்புவது: ஓப்பன்ஏபிஐ விவரக் கோப்பா, போஸ்ட்மேன் கலெக்‌ஷனா?

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் இயங்கும் எங்கள் குழு, பண்ருட்டிப் பக்கத்து முந்திரிப் பருப்பு மொத்த வியாபாரி ஒருவருக்காக இணைய ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று தரவு பரிமாறும் வழி) ஒன்றை எழுதிப் பராமரித்து வருகிறது. சரக்கு எந்த ஊரிலிருந்து வந்தது, எடை என்ன, தரம் என்ன, எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்ற விவரங்கள் அதன் வழியாகப் போய் வருகின்றன. கொள்முதல் செய்பவர்கள் பயன்படுத்தும் கைப்பேசிச் செயலியை எழுதுகிறவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறார். கணக்கு மென்பொருளைக் கவனிப்பது வேறொரு நிறுவனம். "அண்ணா, எடையை எண்ணாக அனுப்பட்டுமா, எழுத்தாக அனுப்பட்டுமா?" என்று தொலைபேசியில் கேட்டுக் கேட்டு வேலை செய்யும் நிலை எந்தத் தரப்புக்கும் நல்லதல்ல. அந்தக் கேள்விக்கு எழுத்தில் ஒரே பதில் இருக்க வேண்டும். அதை எங்கே வைப்பது, ஏபிஐயின் விதிகளை எழுதி வைக்கும் ஓப்பன்ஏபிஐ விவரக் கோப்பிலா, கோரிக்கைகளை அனுப்பிப் பார்க்க உதவும் போஸ்ட்மேன் மென்பொருளில் அவற்றைத் தொகுத்து வைக்கும் கலெக்‌ஷனிலா என்பதுதான் நாங்கள் எடுக்க வேண்டியிருந்த முடிவு. ஓப்பன்ஏபிஐயைத் தேர்ந்தெடுத்தோம். அந்தப் பக்கம் சாய்ந்துதான் இதை எழுதுகிறேன்.

இரண்டுமே தொழிலில் நன்கு பழகியவை. ஸ்வாகர் என்ற பெயரில் தொடங்கிய விவரண முறை 2015இன் இறுதியில் லினக்ஸ் பவுண்டேஷனின் குடைக்கீழ் வந்து ஓப்பன்ஏபிஐ ஆனது. 2017இல் 3.0 பதிப்பும் 2021இல் 3.1 பதிப்பும் வெளிவந்தன. போஸ்ட்மேன் 2012இல் குரோம் உலாவியின் நீட்சியாகத் தொடங்கிப் பெங்களூரில் வேரூன்றி வளர்ந்தது. இரண்டிலும் தொடங்குவதற்குக் காசு வேண்டாம், பார்வைக்கு அழகான ஆவணப் பக்கம் கிடைக்கும், ஓப்பன்ஏபிஐ கோப்பைப் போஸ்ட்மேனுக்குள் இறக்கிக் கலெக்‌ஷனாக மாற்றிக்கொள்ளலாம். இவற்றையெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இயல்பில்தான் இரண்டும் வேறு வேறு. ஓப்பன்ஏபிஐ கோப்பு விதியை எழுதி வைக்கிறது: தரம் என்பது எழுத்துச் சரம், டபிள்யூ 180, 210, 240, 320 ஆகியவற்றில் ஒன்றாக மட்டுமே இருக்கலாம், எடை பூஜ்யத்தைவிடப் பெரிய எண். கலெக்‌ஷன் உதாரணத்தைச் சேமித்து வைக்கிறது: இப்படிக் கேட்டோம், இப்படிப் பதில் வந்தது. டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு வரை நிற்கும் தரம் என்பது பண்ருட்டிக்காரர்களுக்குத் தெரியும். செயலி எழுதுகிறவருக்குத் தெரிய வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. உதாரணத்தில் டபிள்யூ 320 மட்டும் இருந்தால் வேறு என்னென்ன வரலாம் என்பதை அவர் ஊகிக்கத்தான் வேண்டும். விதியில் முழுப் பட்டியலும் இருக்கிறது. பக்கத்திலேயே விளக்கமாக ஒரு வரி தமிழிலும் எழுதலாம். நாங்கள் எழுதியிருக்கிறோம்.

இதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை. கலெக்‌ஷனிலும் விளக்கம் எழுத இடம் உண்டு. முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. முதல் மாதம் எந்த ஆவணமும் சரியாகத்தான் இருக்கும். நிரல் மாறும்போது ஆவணமும் கூடவே மாறுகிறதா, மாறாவிட்டால் அது யார் கண்ணில் படும் என்பதில்தான் வித்தியாசம் தெரிகிறது.

எடை என்ற ஃபீல்டை (தரவில் பெயரிட்ட இடத்தை) நிகர எடை என்று பெயர் மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். கலெக்‌ஷனில் சேமித்த பழைய பதில் அப்படியே கிடக்கும். அடுத்த முறை யாராவது கையால் அனுப்பிப் பார்த்து, வந்த பதிலையும் சேமித்த பதிலையும் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். கலெக்‌ஷனுக்குள் ஜாவாஸ்கிரிப்டில் சோதனை எழுதலாம், நியூமன் கருவியால் ஒவ்வொரு பில்டிலும் (நிரலைத் தொகுத்துச் சோதிக்கும் தானியங்கி ஓட்டத்திலும்) அதை ஓட்டலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சோதனை எழுதியவர் எதைக் கேட்டாரோ அதை மட்டுமே பார்க்கும். நான் திறந்து பார்த்த கலெக்‌ஷன்கள் பெரும்பாலானவற்றில், கோரிக்கை வெற்றி என்று சொல்லும் நிலை எண் 200 வந்ததா என்பதோடு சோதனை நின்றுவிடுகிறது. ஃபீல்டு பெயர் மாறினாலும் 200 வரத்தான் செய்யும்.

விவரக் கோப்பு நிரலோடு ஒரே கிட் களஞ்சியத்தில், அதாவது மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் இடத்தில், இருக்கிறது. நிரலை மாற்றும் புல் ரிக்வெஸ்டில் (மாற்றத்தைச் சேர்க்குமுன் மற்றவர் பார்வைக்கு வைக்கும் கோரிக்கையில்), யேமல் என்ற எளிய எழுத்து வடிவில் உள்ள அந்தக் கோப்பும் மாறியிருக்க வேண்டும். ஸ்கீமாதெசிஸ் போன்ற கருவி ஒவ்வொரு பில்டிலும் கோப்பைப் படித்து, தானே கோரிக்கைகளை உருவாக்கி அனுப்பி, திரும்பி வரும் ஒவ்வொரு பதிலையும் விதியோடு ஒப்பிடுகிறது. பொருந்தாவிட்டால் பில்டு விழுகிறது. ஆவணத்தைத் திருத்த மறந்தவரை நினைவூட்ட வேறு ஆள் தேவையில்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் இறங்கினால் கருவி கிடைத்தும் பயன் பாதிதான். எந்தெந்த ஃபீல்டு கட்டாயம் என்ற பட்டியலில் எடை இல்லையென்றால், அது பெயர் மாறிப்போனாலும் பதில் விதிக்குப் பொருந்தியதாகவே கருதப்படும். விதியில் சொல்லாத புதிய ஃபீல்டு கூடுதலாக வந்தாலும், ஏபிஐ அனுப்பும் ஜேசன் தரவுக்கு விதி எழுதும் முறையான ஜேசன் ஸ்கீமா அதை இயல்பாகவே அனுமதித்துவிடும். ஆகவே பதில்களுக்கான ஸ்கீமாவில் கட்டாயப் பட்டியலை முழுமையாக எழுத வேண்டும், கூடுதல் ஃபீல்டுகளுக்குத் தடையும் போட வேண்டும். கொஞ்சம் கூடுதல் தட்டச்சு வேலைதான். ஆனாலும் கோப்புக்குக் காவல் வேலை செய்யும் தெம்பு இந்த வரிகளால்தான் வருகிறது.

தானே கோரிக்கைகளை உருவாக்குவதன் அருமை எங்களுக்குப் புரிந்தது ஊர்ப் பெயரில். கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்க் கணக்கில் பத்து எழுத்து. கணினி எழுத்துகளைக் குறிக்கப் பயன்படுத்தும் யூனிகோடு குறிகளை எண்ணினால் 19, ஏனென்றால் புள்ளியும் துணைக்காலும் கொக்கியும் தனித்தனிக் குறிகள். அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் வீதம் 57 பைட். விவரக் கோப்பில் ஊர்ப் பெயருக்கு உச்ச நீளம் 50 என்று எழுதினால், ஜேசன் ஸ்கீமா எண்ணுவது யூனிகோடு குறிகளை. 19 என்பது 50க்குள் தாராளமாக அடங்கும். ஆனால் முந்தைய மென்பொருளிலிருந்து வந்துசேர்ந்த பழைய தரவுத்தளம் நீளத்தைப் பைட்டில் அளந்தது. அங்கே இடம் 50 பைட். 57 பைட் அதில் நுழையாது.

கையால் செய்த சோதனைகளில் இது ஒருபோதும் வெளிப்படவில்லை. சோதிக்கிறவர்கள் எல்லோரும் ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள், அதுவும் சின்னப் பெயராக. ஸ்கீமாதெசிஸ் அப்படிக் கரிசனம் காட்டாது. விதி அனுமதிக்கும் எல்லை வரை நீண்ட சரங்களையும், பல மொழி எழுத்துகளையும், வெற்றுச் சரத்தையும் மாறி மாறி அனுப்பும். சர்வர் 500 (உள்பிழை) என்று பதில் சொன்னதும் காரணத்தைத் தேடிப் போய்ப் பைட் கணக்கைக் கண்டோம். யூடிஎஃப்-8இல் ஒரு குறிக்கு நான்கு பைட்டுக்கு மேல் ஆகாது என்பதால் அந்த இடத்தை 200 பைட்டாக விரித்தோம். தமிழில் பெயர் வாங்கும் எந்த ஏபிஐக்கும் இந்தச் சோதனையைக் கட்டாயம் என்றே சொல்வேன். நம் மொழியில் தன் ஊர்ப் பெயரை எழுதுகிறவருக்குப் பிழைச் செய்தி போகக் கூடாது.

பராமரிப்பில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. புதுச்சேரியில் சிறிய மென்பொருள் நிறுவனங்களில் வேலை பழகும் இளைஞர்கள் பலர் சில ஆண்டுகளில் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுகிறார்கள். போகட்டும், நல்லதுதான். ஆனால் அவர்கள் பராமரித்த கலெக்‌ஷன் அவர்களுடைய சொந்தக் கணக்கில் இருந்தால், புதிதாக வருபவருக்குக் கிடைப்பது ஏற்றுமதி செய்த பழைய ஜேசன் கோப்பு ஒன்றுதான். அதை கிட்டில் போட்டு வைத்தாலும் இரண்டு பதிப்புகளுக்கிடையே என்ன மாறியது என்று மனிதர் படித்துப் புரிந்துகொள்வது கடினம். யேமல் கோப்பில் ஒரு வரி மாறினால் ஒரு வரிதான் மாறியதாகக் காட்டும். யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்பதும் கூடவே இருக்கும்.

கலெக்‌ஷன் தெளிவாக வெல்லும் இடமும் உண்டு. உள்நுழைந்து டோக்கன் (அனுமதிச் சீட்டு போன்ற குறியீடு) பெற்று, அதைக் கொண்டு கொள்முதலைப் பதிந்து, வந்த எண்ணைக் கொண்டு ரசீது கேட்பது போன்ற தொடர் வேலைகளுக்கு அது இயல்பாகப் பொருந்துகிறது. ஒரு பதிலிலிருந்து மதிப்பை எடுத்து அடுத்த கோரிக்கையில் வைப்பது போஸ்ட்மேனில் இரண்டு வரி. ஓப்பன்ஏபிஐயில் ஒவ்வொரு பாதையும் தனித்தனியாகத்தான் நிற்கிறது. அவற்றைத் தொடுத்துக் காட்ட லிங்க்ஸ் என்ற வசதி இருந்தாலும் அதைப் பயன்படுத்தும் குழுக்களை நான் அதிகம் கண்டதில்லை. இந்தக் குறைக்காகவே அராஸ்ஸோ என்ற துணை விவரண முறை 2024இல் 1.0 பதிப்பாக வந்திருக்கிறது. நான் அதைப் படித்துப் பார்த்திருக்கிறேனே தவிர உண்மையான வேலையில் வைத்துப் பார்க்கவில்லை, அதனால் பரிந்துரைக்கும் தகுதி எனக்கு இல்லை. தொடர் வேலைகளுக்கு எங்களிடமும் சிறிய கலெக்‌ஷன் ஒன்று இருக்கிறது, விவரக் கோப்பிலிருந்து பிறந்ததாக. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் நாள் ஏபிஐயைத் தொட்டுக் காட்டவும் அதையே திறக்கிறோம்.

விவரக் கோப்பைக் கையால் எழுதுவதா, நிரலிலிருந்து பிறக்க வைப்பதா என்ற கேள்வி அடுத்து வரும். பாஸ்ட்ஏபிஐ போன்ற கட்டமைப்புகள் நிரலைப் படித்துத் தாமே கோப்பை உருவாக்கித் தருகின்றன. தட்டச்சு மிச்சம். ஆனால் நிரலில் பெயரை மாற்றினால் கோப்பும் சத்தமில்லாமல் மாறிவிடும், இரண்டும் எப்போதும் ஒத்துப்போகும், மஞ்சக்குப்பத்தில் செயலி உடையும். அந்த வழியில் போகிறவர்கள் முந்தைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டு, பயன்படுத்துகிறவர்களை உடைக்கும் மாற்றங்களைச் சுட்டும் ஓஏஎஸ்டிஃப் போன்ற கருவியைப் பில்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாங்கள் கையால் எழுதுகிறோம். முதலில் விதியை எழுதி, பிரிஸம் கருவியால் விதிப்படி மாதிரிப் பதில் தரும் போலி சர்வர் ஒன்றை எழுப்பிவிட்டால், எங்கள் நிரல் முடியும் வரை செயலிக்காரர் காத்திருக்க வேண்டியதில்லை. அவருடைய வேலையும் எங்கள் வேலையும் ஒரே நேரத்தில் நடப்பது இதனால்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராம்லும் ஏபிஐ புளூபிரிண்டும் ஒரு காலத்தில் ஓப்பன்ஏபிஐக்குப் போட்டியாக இருந்தன. இன்று புதிதாகத் தொடங்குகிறவர் அவற்றை எடுக்கக் காரணம் எனக்குத் தெரியவில்லை. போஸ்ட்மேனுக்கு மாற்றான புரூனோ, கோரிக்கைகளைச் சாதாரண எழுத்துக் கோப்புகளாக உங்கள் கணினியிலேயே வைக்கிறது, கிட்டோடு ஒத்துப்போகிறது, கணக்குத் திறக்கச் சொல்வதில்லை. கணக்கில் நுழையாமலே வேலை செய்ய விட்ட ஸ்க்ராட்ச் பேடு வசதியைப் போஸ்ட்மேன் 2023இல் நிறுத்தியபின் பலர் இதன் பக்கம் திரும்பினார்கள். கலெக்‌ஷன் முறையே பிடித்தவர்களுக்கு இது நல்ல வழியாகத் தெரிகிறது. பெரிய குழுவில் எப்படி நிற்கும் என்று சொல்லும் அளவுக்கு நான் அதைப் பயன்படுத்தவில்லை. வேறு பாணியில் இயங்கும் ஜிஆர்பிசி, கிராஃப்க்யூஎல் வகை ஏபிஐகளுக்கு இங்கே சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது.

ஓப்பன்ஏபிஐயை எடுத்தால் பதிப்பைப் பார்த்து எடுங்கள். ஒரு ஃபீல்டு வெறுமையாக வரலாம் என்பதை 3.0இல் நல்லபிள் (nullable) என்ற தனிச் சொல்லால் எழுத வேண்டும். 3.1 ஜேசன் ஸ்கீமாவோடு முழுமையாக இணைந்துவிட்டதால் அந்தச் சொல் அங்கே இல்லை, வகைப் பட்டியலிலேயே வெறுமையைக் குறிக்கும் நல் (null) என்பதையும் சேர்க்க வேண்டும். எடை போடாத மூட்டை எங்களிடம் எப்போதும் உண்டு, அதனால் இந்த வேறுபாடு தினமும் எதிர்ப்படுகிறது. ஆவணப் பக்கம், போலி சர்வர், சோதனைக் கருவி, செயலிக்கான நிரலை உருவாக்கித் தரும் கருவி என்று நீங்கள் பயன்படுத்தப்போகும் அத்தனை கருவிகளும் 3.1ஐப் படிக்கின்றனவா என்று முதலில் ஒரு சின்னக் கோப்பை வைத்து ஓட்டிப் பாருங்கள். ஒன்று தடுமாறினாலும் 3.0இலேயே தொடங்குங்கள், பிறகு மாற்றிக்கொள்வது பெரிய வேலையல்ல.