சாம்பாவா என்எஃப்எஸ்ஸா? விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணும் ஒரே ஃபோல்டர்ல எழுதணும்னா

எங்க ஆபீஸ்ல ஒரு உபுண்டு சர்வர், அதுல இருக்கற ஒரே ஃபோல்டர விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லா மெஷினும் திறக்கணும். நெட்வொர்க்ல ஃபோல்டர பகிர என்எஃப்எஸ், சாம்பான்னு ரெண்டு வழி பாத்தேன். முதல்ல என்எஃப்எஸ்தான் போட்டேன், பாஸ்வேர்டு தொல்லை இல்லயேன்னு. அது கேக்காததுதான் சிக்கலே.

வழக்கமான செட்டப்புல என்எஃப்எஸ் ஆளோட பேர பாக்காது, யுஐடிங்கற, ஒவ்வொரு யூசருக்கும் சிஸ்டம் குடுக்கற நம்பரத்தான் பாக்கும், அதுவும் க்ளையன்ட் மெஷின் என்ன நம்பர் சொல்லுதோ அத அப்படியே நம்பிடும். மேக்ல முதல் யூசருக்கு 501, உபுண்டுல 1000. அப்போ ரெண்டு மேக்ல உக்காந்திருக்கற ரெண்டு பேரும் சர்வருக்கு ஒரே ஆளு, இவரோட சம்பள ஷீட்ட அவர் திறக்கலாம், ஆனா அவரே லினக்ஸ் மெஷின்ல வந்து உக்காந்தா சொந்த ஃபைல திருத்த முடியாது! ரூட் ஸ்குவாஷ்னு ஒரு செட்டிங் இருக்கேம்பாங்க, அது ரூட்டுங்கற அட்மின் யூசர மட்டும்தான் தடுக்கும். ஆள் யாருன்னு சரிபார்க்கற கெர்பரோஸ் போட்டா சரியாகும்தான், சின்ன ஆபீஸ்ல அத யாரு பாத்துக்கறது? போதாததுக்கு விண்டோஸ் ஹோம் எடிஷன்ல என்எஃப்எஸ் க்ளையன்ட்டே கிடையாது.

சாம்பா ஆளுக்கு ஆள் பாஸ்வேர்டு கேட்டுத்தான் உள்ள விடும், மேக்கும் 2013 மாவெரிக்ஸ்ல இருந்து சாம்பா பேசற எஸ்எம்பி முறையத்தான் முதல்ல எடுக்குது. ஆனா இங்கயும் ஒண்ணு இருக்கு, புது ஃபைலோட பர்மிஷனுக்கு வரம்பு வைக்கற க்ரியேட் மாஸ்க் டிஃபால்ட்டா 0744 (சொந்தக்காரருக்கு எல்லா உரிமையும், மத்தவங்களுக்குப் படிக்க மட்டும்), அதனால ஒருத்தர் போட்ட புது ஃபைல்ல அதே குரூப்ல இருக்கறவங்களாலயே எழுத முடியாது. உடனே எல்லாருக்கும் எல்லா உரிமையும் குடுக்கற 777 அடிக்கறாங்க பாருங்க, தயவுசெஞ்சு வேணாம், சர்வர்ல லாகின் இருக்கற எல்லாருக்கும் திறந்து விட்ட மாதிரி ஆயிடும், நாளைக்கு வர்ற புது ஃபைலுக்கு மறுபடியும் அதே கதைதான். ஃபோல்டர ஆபீஸ் குரூப் பேருக்கு மாத்தி 2770 பர்மிஷன் குடுங்க, 770னா சொந்தக்காரருக்கும் குரூப்புக்கும் மட்டும் முழு உரிமை, முன்னாடி இருக்கற அந்த 2 இருந்தா உள்ள வர்ற எல்லாமே அதே குரூப்புக்குப் போகும், அப்புறம் சாம்பா கான்ஃபிக்ல க்ரியேட் மாஸ்க் 0660, புது ஃபோல்டருக்கான டைரக்டரி மாஸ்க் 2770. எங்களுக்கு இதுலயே தீந்துச்சு.

விண்டோஸ் செக்யூரிட்டி டேப்ல ஆளுக்கொரு உரிமை வேணும்னா அந்த ரூலயெல்லாம் சேமிச்சு வைக்கற ஏசிஎல் எக்ஸ்ஆட்டர்ங்கற மாட்யூல் சாம்பாவுல இருக்கு. அத போட்டுட்டா லினக்ஸ் பக்கம் பர்மிஷன் மாத்தற சிஹெச்மோட் கமாண்ட் அடிக்காதீங்க, கீழ பர்மிஷன் மாறுனத பாத்தா விண்டோஸ்ல வச்ச ரூல சாம்பா டிஃபால்ட்டா கணக்குலயே எடுத்துக்காது, நான் அரை நாள் தேடினேன்.

என்எஃப்எஸ்ஸ இப்பவும் வச்சிருக்கேன், பேக்கப்புக்கு, யுஐடி ஒண்ணா இருக்கற ரெண்டு லினக்ஸ் சர்வருக்கு நடுவுல மட்டும்.