மழைக்கு வாங்கிய ஜாக்கெட், வெயிலுக்கு வாய்த்த ஜாக்கெட்

350 சிசி வரையிலான பைக்குகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததும், எங்கள் நண்பர் வட்டத்தில் ஆளாளுக்கு ஷோரூம் ஏறினார்கள். வண்டி வீட்டுக்கு வந்த கையோடு எனக்கு போன். "மச்சி, நீ போடுறியே அந்த ஜாக்கெட், இப்ப ஆஃபர்ல இருக்கு, எடுக்கலாமா?" தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. போதாக்குறைக்கு அதன் மழை லைனரின் ஜிப் பிய்ந்து, போன வாரம்தான் பை தைக்கும் கடையில் கொடுத்து மாற்றினேன். எனவே கொஞ்சம் சூடாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி பெயர் வேண்டாம். இதே அமைப்பில் பல கம்பெனிகள் விற்கின்றன, நான் சொல்லும் குறை அந்த அமைப்போடு சேர்ந்தே வருவது. வெளியே காற்றுப் புகும்படி வலை போல நெய்த மெஷ் துணி. உள்ளே ஜிப் போட்டு மாட்டிக்கொள்ளும் மழை லைனர் ஒன்று, குளிர் லைனர் ஒன்று. தோளிலும் முழங்கையிலும், விழுந்தால் அடியைத் தாங்கும் சிஇ லெவல் 2 பேட் (சிஇ என்பது ஐரோப்பியத் தரக்குறி, லெவல் 2 அதில் மேல்நிலை). முதுகில் பேருக்கு ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு. எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது என்று அட்டையில் அச்சடித்திருக்கும். விலை பத்தாயிரத்தை ஒட்டி. மற்ற விவரமெல்லாம் கடைக்காரரே மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்.

குளிர் லைனரை முதலில் முடித்துவிடலாம். கோத்தகிரியில் மார்கழி விடியலில் ஒரு முறை தேவைப்பட்டது. அதற்குப் பிறகு லாட்ஜ்களில் தலையணைக்கு மேல் தலையணையாகப் பயன்படுகிறது. நல்ல தலையணை.

மழை லைனர்தான் என் வயிற்றெரிச்சல். அது ஒழுகுகிறது என்று சொன்னால் பாவம். தையல் ஓரத்தில் ஒட்டிய டேப் உரியாதவரை ஒரு சொட்டுகூட உள்ளே வராது. அதை ஜாக்கெட்டுக்கு உள்ளே வைத்தார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தூறல் ஆரம்பிக்கிறது. வண்டியை ஓரம் கட்ட வேண்டும். கிளவுஸைக் கழற்றி, ஜாக்கெட்டையே கழற்றி, அதை உட்புறம் வெளியே திருப்பி, ஒரு பக்க இடுப்பில் தொடங்கிக் கழுத்தைச் சுற்றி மறுபக்க இடுப்புவரை ஜிப்பை ஓட்டி, கைநுனி பட்டன்களைத் தேடிப் பிடித்து மாட்ட வேண்டும். இதையெல்லாம் முடிக்கும்போது தூறல் அடைமழையாகி, உள்ளே இருக்கும் சட்டை நனைந்திருக்கும். ஐப்பசி கார்த்திகையில் விழுப்புரத்துக்கும் சென்னைக்கும் நடுவில் பத்து நிமிடம் கொட்டும், அப்புறம் சுள்ளென்று வெயில் அடிக்கும். லைனரோடு அந்த வெயிலில் போனால் உள்ளே அவிந்துவிடுவோம். கழற்றலாம் என்றால் மறுபடி அதே சடங்கு. இந்த இழுபறியில்தான் ஜிப் போனது என்பது என் சந்தேகம்.

சரி, இதையாவது சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிடலாம். அடுத்தது அப்படிப்பட்டதல்ல. ஆழியாறு சோதனைச் சாவடியிலேயே லைனரை மாட்டிக்கொண்டு, ஆடி மாத மழையில் வால்பாறை ஏறிப் பாருங்கள். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போகப்போக, ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி என்ற கணக்கில் வெப்பம் இறங்கும். ஒன்பதாவது வளைவுக் காட்சிமுனை பக்கம் வரையாடு நின்றால் வண்டியை நிறுத்தி ரசிக்கும் தெம்பு அதுவரை இருக்கும். அட்டகட்டி வருவதற்குள் கதை மாறிவிடும். லைனர் உள்ளே இருப்பதால் வெளி மெஷ்ஷும் பேடுகளும் தண்ணீரைக் குடித்துக் கனத்துத் தொங்கும். வெளிக்கையில் இறங்கும் தண்ணீர் நேராக கிளவுஸுக்குள் வழியும். நனைந்த துணியில் காற்று அடிக்கும்போது தண்ணீர் ஆவியாகும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாவதற்கு 580 கலோரி அளவுக்கு வெப்பம் தேவை. அதில் ஒரு பங்கு நம் உடம்பிலிருந்தும் போகிறது. உடம்பு காய்ந்துதான் இருக்கிறது, ஆனால் பல் கிட்டுகிறது.

இங்கேதான் ஜாக்கெட் விவகாரம் வண்டி ஓட்டும் விவகாரமாகிறது. குளிரில் தோள் தூக்கிக்கொள்ளும். தோள் தூக்கினால் முழங்கை விறைக்கும். முழங்கை விறைத்தால் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்போம். வளைவில் முன்சக்கரம் தானாகத் திரும்பிப் போக வேண்டிய இடத்தில் நம் கை அதைத் தடுத்து நிற்கும். வண்டி வெளிப்பக்கம் ஓடும். எதிரே பஸ் வரும். மரத்துப்போன விரலுக்கு கிளட்ச்சும் ஆக்சிலேட்டரும் நுணுக்கமாக வராது, வண்டி வெட்டி வெட்டிப் போகும். உடனே மனசு சொல்லும்: மழையில் ஓட்ட எனக்குத் தைரியம் போதாது.

என் அனுபவத்தில், மழையில் பயமாக இருக்கிறது என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் குளிர்கிறது. அடுத்த தடவை அதே சாலையில், அதே ஆடி மழையில், அதே டயரோடு போனேன். மாற்றியது ஒன்றே ஒன்று: லைனரை வீட்டில் போட்டுவிட்டு, ஜாக்கெட்டுக்கு மேலேயே போட்டுக்கொள்ளும் 1,500 ரூபாய் ரெயின் சூட். மாட்டுவதற்கு இரண்டு நிமிடம். மெஷ் நனையவில்லை, கை விறைக்கவில்லை. வளைவில் கண் முன்சக்கரத்துக்கு அடியில் தங்காமல், மேலே சாலை வெளிவரும் இடத்துக்குத் தானாகப் போனது. வண்டியும் கூடவே போனது. மழை ஓட்டத்துக்குப் பயிற்சி வகுப்பு போவது நல்லதுதான். ஆனால் அதற்கு முன் உடம்பு காய்ந்தும் கதகதப்பாகவும் இருக்கட்டும். இப்போதெல்லாம் மலையில் நேர்ச்சாலை கிடைக்கும்போது கோழி சிறகடிப்பது போல முழங்கை இரண்டையும் ஆட்டிப் பார்ப்பேன். ஆடவில்லை என்றால் வண்டியை நிறுத்தி டீ குடிக்கும் நேரம் என்று பொருள்.

ரெயின் சூட் வந்துவிட்டால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காய்ந்து கிடந்த சாலையில் விழும் முதல் மழை எண்ணெயையும் தூசியையும் மேலே கிளப்பும், அந்தக் கொஞ்ச நேரம்தான் அதிகம் வழுக்கும். ஒரு டீக்கடையில் அதைக் கழித்துவிடுவது என் வழக்கம். வெள்ளைக் கோடு, பாலத்து இரும்பு இணைப்பு, வளைவின் உட்புறத்தில் ஒதுங்கிக் கிடக்கும் இலைச் சருகு, இவற்றின் மேல் பிரேக்கும் பிடிக்கக் கூடாது, வண்டியைச் சாய்க்கவும் கூடாது. காய்ந்த சாலையில் முன்வண்டிக்கு இரண்டு விநாடி இடைவெளி விடுபவர், மழையில் நான்கு விநாடியாவது விட வேண்டும். 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாவற்றுக்கும் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயமாகிவிட்டது, நிம்மதிதான். ஆனால் அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே. இலைக்குப் பிடிமானத்தைக் கொடுக்காது. ஹெல்மெட் வைசரில் பனி மூடாமல் இருக்க, அதன் உட்புறம் பொருத்தும் பின்லாக் ஷீட் ஒன்று வாங்கிவிடுங்கள். நான் செலவு செய்ததில் வாயே திறக்காமல் வேலை செய்யும் ஒரே பொருள் அது.

இவ்வளவு திட்டிய பிறகு இதையும் சொல்லத்தான் வேண்டும். வெயிலில் இந்த ஜாக்கெட்டை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. நான் இதை வாங்கியதே மழையை மனதில் வைத்துத்தான், வெயிலைப் பற்றிக் கடையில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கத்திரி வெயிலில் திருச்சியிலிருந்து சென்னைக்கு வரும் நாற்கரச் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். பெரம்பலூர் தாண்டி உளுந்தூர்பேட்டை வரை நிழலுக்குப் பஞ்சம். நம் தோலின் வெப்பம் 35 டிகிரி பக்கம். வெளிக்காற்று அதைத் தாண்டிவிட்டால், வேகமாகப் போகப்போக அந்தக் காற்று வறுக்கத்தான் செய்யும். வெறும் டீ-ஷர்ட்டில் காற்றோட்டமாகப் போகிறோம் என்று நினைப்பவருக்கு வியர்வை வந்த வேகத்தில் காய்ந்து, விக்கிரவாண்டி வரும்போது தலை சுற்றும்.

எனக்கு ஒரு பெரியவர் சொல்லிக்கொடுத்த வழி: பெட்ரோல் பங்க் குழாயில் காட்டன் டீ-ஷர்ட்டை நனைத்துப் பிழிந்து போட்டுக்கொண்டு, மேலே மெஷ் ஜாக்கெட்டைப் போட்டுக் கழுத்து வரை ஜிப்பை இழுத்துவிட வேண்டும். மெஷ் காற்றை அளவாகத்தான் உள்ளே விடும், அதனால் சட்டை மெதுவாகக் காயும். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஜில்லென்று இருக்கும். வால்பாறையில் என்னை நடுங்கவைத்த அதே ஆவியாகும் கணக்கு, இங்கே எனக்குச் சாதகமாக வேலை செய்கிறது. காற்று காய்ந்திருக்கும் உள்நாட்டில்தான் இந்த வித்தை பலிக்கும். மரக்காணம் பக்கம் கடற்கரைச் சாலையில் ஏறினால் ஈரக்காற்றில் ஒன்றும் ஆவியாகாது, புழுங்கிக்கொண்டே போக வேண்டியதுதான். வெயிலுக்கு ஜாக்கெட்டா என்று சிரித்த என் அண்ணன், ஒரே ஒரு சித்திரை மாதப் பயணத்துக்குப் பிறகு எனக்குத் தெரியாமல் இதே மாடலை வாங்கிவிட்டார். லைனரைப் பற்றி அவருக்கு இன்னும் தெரியாது. ஆடி வரட்டும்.

காற்றிலும் இதற்கு ஒரு மார்க் உண்டு. பணகுடி தாண்டி முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற ஊரில் பைக் எம்மாத்திரம்? லாரி ஒன்று பக்கத்தில் வரும்போது காற்று நின்றுபோய், அது கடந்ததும் மறுபடி ஓங்கி அறையும். அங்கேயும் கையைத் தளர்த்தி, ஒரு கியர் குறைத்து, காற்று வரும் பக்கம் வண்டியைக் கொஞ்சம் சாயவிட்டுப் போவதுதான் வழி. கையிலும் இடுப்பிலும் இருக்கும் பட்டைகளை இழுத்துக் கட்டினால் ஜாக்கெட் உடம்போடு ஒட்டி நிற்கிறது, படபடக்கவே இல்லை. இதே இடத்தில் நான் புகழ்ந்த ரெயின் சூட்டோ உப்பிக்கொண்டு கழுத்தைப் பிடித்து இழுத்தது. மணிக்கட்டிலும் இடுப்பிலும் வெல்க்ரோ உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

பாதுகாப்பைப் பற்றி ஒரே ஒரு விஷயம். தோள், முழங்கை பேட் தரமானவை, குறை சொல்ல மாட்டேன். முதுகு ஸ்பாஞ்சு வெறும் அலங்காரம். அதை எடுத்துவிட்டு அந்தப் பையிலேயே லெவல் 2 முதுகு பேட் ஒன்று செருகிக்கொள்ளுங்கள். சோதனையில் முதுகுக்குக் கடத்தப்படும் விசை லெவல் 1 பேடில் சராசரியாக 18 கிலோநியூட்டன்வரை இருக்கலாம், லெவல் 2 என்றால் 9 தான். பத்தாயிரம் வாங்கியவர்கள் இதையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் குடி முழுகியிருக்காது. துவைக்கும்போது பேடுகளை எடுத்துவிட்டுக் கையால் அலசுங்கள். லைனரை மட்டும் வெயிலில் காயப்போடாதீர்கள். என்னுடையதில் டேப் உரிய ஆரம்பித்தது அப்படித்தான் என்று ஜிப் மாற்றிய கடைக்காரர் சொன்னார். ஜிப் நன்றாக மாற்றிக்கொடுத்தார், 250 ரூபாய். கம்பெனி சர்வீஸுக்கு எழுதிப் பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் அவரிடம் போனேன்.

சரி, எடுக்கலாமா? வேண்டாம். மேலே எழுதியதை வைத்து நான் எடுக்கச் சொல்வேன் என்று நினைத்திருப்பீர்கள். வெயிலில் தந்த சுகம், காற்றில் தந்த பிடிப்பு எல்லாம் நிஜம். ஆனாலும் பயன்படாத இரண்டு லைனருக்கும் சேர்த்துப் பணம் கட்டியது இன்னும் உறுத்துகிறது. கொல்லிமலையின் 70 வளைவுகளுக்கு அடுத்த மாதம் இதே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் போகிறேன், அது வேறு கதை. லைனர் இல்லாத மெஷ் ஜாக்கெட் இரண்டாயிரம் குறைவாகக் கிடைக்கிறது. அதை எடுத்து, மிச்சத்தில் ரெயின் சூட் வாங்கு. ஆஃபரில் இதுவும் அந்த விலைக்கு இறங்கினால் மட்டும் இதையே எடு, லைனரை அலமாரியில் போடு.

எதை எடுத்தாலும் கடைக்கு உன் வண்டியிலேயே போ. ஜாக்கெட்டைப் போட்டு, கிளவுஸ் மாட்டி, வெளியே நிற்கும் உன் வண்டியில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஹேண்டில்பாரைப் பிடி. கைநுனி மணிக்கட்டைவிட்டு மேலே ஏறக் கூடாது. முழங்கை பேட் பக்கவாட்டில் சுழலக் கூடாது. கழுத்து ஜிப் போட்டபடி தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்க முடிய வேண்டும். கண்ணாடி முன்னால் நிற்கும்போது கச்சிதமாக இருப்பது வண்டியில் உட்கார்ந்ததும் முதுகில் ஏறிக்கொள்ளும். வெளியே கொண்டுபோகக் கூடாது என்று சொல்லும் கடையில் வாங்காதே, அடுத்த கடைக்கு நட.