சோலார் ஹீட்டர் சுடுதண்ணீர் லைனுக்கு எந்த பைப்: ஜி.ஐ.யா, சி.பி.வி.சி.யா, பி.பி.ஆரா?

சோலார் ஹீட்டர் வாங்கும்போது டேங்க் எத்தனை லிட்டர், டியூப் எத்தனை என்று நாலு கடை ஏறி விசாரித்தேன், ஆனால் தண்ணீர் இறங்கி வரும் பைப்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. இரண்டே வருஷத்தில் மொட்டை மாடி எல்போவில் (பைப் திரும்பும் இடத்து ஜாயின்ட்) விரிசல். பைப்பின் தரத்தில் குறை இல்லை, சூட்டில் அது நீள இடமே விடாமல் கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தார்கள்.

10 மீட்டர் நேர் லைன், விடியற்காலை 25 டிகிரி, சுடுதண்ணீர் ஓடும்போது 65 என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு பைப்) கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் நீளும், சி.பி.வி.சி. (சூடு தாங்கும் பி.வி.சி. பிளாஸ்டிக்) 25, சாதாரண பி.பி.ஆர். (பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்) 60. நடுவில் கண்ணாடி இழை வைத்த பி.பி.ஆர். என்றால் 20க்குள் அடங்கும்.

அப்போ ஜி.ஐ.தான் நல்லதா? அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். இரும்பு கொஞ்சமாகத்தான் நீளும், ஆனால் அந்தக் கொஞ்சத்தைத் தடுத்தால் முரட்டுத்தனமாகத் தள்ளும். இரண்டு முனையையும் அசையாமல் பிடித்துவிட்டால் அதே சூட்டில் இரும்புக்குள் உண்டாகும் அழுத்தம் சி.பி.வி.சி.யில் வருவதைப்போல் பத்து மடங்குக்கு மேல். பிளாஸ்டிக் நிறைய நீண்டாலும் வளைந்து கொடுக்கும், அதனால் சுவருக்குள் புதைத்துப் பூசும் இடத்தில் அதற்கே என் ஓட்டு. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் ஜி.ஐ.யின் உள்பக்கம் அடைத்துக்கொண்டே வரும், அது தனித் தொல்லை.

சி.பி.வி.சி.யின் பலவீனம் பித்தளை த்ரெட் வைத்த ஜாயின்ட். பித்தளை நீள்வது பிளாஸ்டிக் நீள்வதில் மூன்றில் ஒரு பங்குதான், தினமும் சூடாகி ஆறும்போது இரண்டும் ஒத்துப்போகாமல் அங்கே மெல்லக் கசியும். பி.பி.ஆரில் பைப்பையும் ஃபிட்டிங்கையும் உருக்கி ஒட்டுவதால் மற்ற ஜாயின்ட்டுகள் ஒரே உடம்பாகிவிடும், பித்தளை வரும் இடத்தில் அதற்கும் இதே கதைதான். செம்பு அருமையான பைப், விலைதான் கட்டுப்படியாகாது.

தண்ணீரும் விரியும் என்பதை மறந்துவிடாதீர்கள். 25 டிகிரியில் 997 கிராம் இருக்கும் ஒரு லிட்டர் 60 டிகிரியில் 983 கிராம்தான். இந்த 14 கிராம் வித்தியாசம்தான் மோட்டார் இல்லாமலே சுடுதண்ணீரை டேங்கின் மேலே ஏற்றுகிறது. அதே வித்தியாசத்தால் 200 லிட்டர் டேங்கில் கிட்டத்தட்ட 3 லிட்டர் கூடும், அது போக வழி வேண்டும். எந்த பைப் போட்டாலும் டேங்கின் காற்றுக் குழாயை அடைக்கவே கூடாது, அதில் வால்வும் போடக் கூடாது.

என் வீட்டில் இப்போது டேங்கிலிருந்து வெளியே வரும் முதல் இரண்டு மீட்டர் ஜி.ஐ., ஏனென்றால் கோடையில் நாலு நாள் தண்ணீர் எடுக்காமல் விட்டால் அங்கே கொதிநிலையை நெருங்கும், சி.பி.வி.சி. தாங்குவது 93 டிகிரி வரைதான். அப்புறம் கீழே வரை சி.பி.வி.சி., நேர் ஓட்டத்தின் நடுவில் 'ப' வடிவத்தில் ஒரு வளைவு, பைப் வழுக்கி நகரும் அளவுக்குத் தளர்ந்த கிளாம்ப்.