பழைய பெட்டியா, லேசர் கிட்டா? நாஸ்டால்ஜியா கேரியருக்கு எது சரி

மாதிரி விமானத்தைக் கம்பியில் கட்டி வட்டமாகப் பறக்கவிடும் அமெரிக்க கண்ட்ரோல் லைன் களத்தில், விமானம் தாங்கிக் கப்பலில் இறங்குவதைப் போல நடக்கும் நேவி கேரியர் போட்டி தனி ரகம். 60 அடி கம்பியில் 7 சுற்று முழு வேகம் (அது சரியாக அரை மைல்), அடுத்த 7 சுற்று முடிந்தவரை மெதுவாக, கடைசியில் மேடையின் குறுக்குக் கயிற்றில் கொக்கி மாட்டி இறங்க வேண்டும். பழைய வடிவமைப்புகளுக்கான இதன் நாஸ்டால்ஜியா பிரிவுக்கு, ஸ்டெர்லிங் போன்ற பழைய நிறுவனங்களின் புரொஃபைல் கிட்டை (தட்டையான உடல் கொண்ட விமானத்தைக் கட்டுவதற்கான பாகத் தொகுப்பு) பெட்டியோடு வாங்குவதா, அதே வடிவத்தை லேசரில் வெட்டித் தரும் புது கிட்டை வாங்குவதா? நான் எடுத்தது லேசர் கிட்.

தகுதியில் இரண்டும் சமம். பார்க்கப்படுவது வடிவமைப்பின் காலம். மரத்தின் வயது யாருக்கும் வேண்டாம். வரைபடத்தின் நகலோ அந்தக் கால இதழில் வந்த பக்கமோ கையில் இருக்கட்டும். இறக்கை, வால் அளவுகளை மாற்றாதீர்கள். நகரும் லீட்-அவுட் (இறக்கை நுனியில் கம்பி வெளியே வரும் இடத்தை மாற்றும் அமைப்பு) பிற்கால வழக்கம் என்பதால், அதைப் பொருத்தும் முன் அந்தப் போட்டியின் விதியைப் படித்துவிடுங்கள்.

விலை, தோற்றம் எல்லாம் அவரவர் விருப்பம். தீர்மானிப்பது மரம்தான். 3/32 அங்குலத் தடிமன், 3 அங்குல அகலம், 36 அங்குல நீளமுள்ள பால்சா தகடு, கன அடிக்கு 8 பவுண்டு மரமானால் 21 கிராம்; 14 பவுண்டு மரமானால் 37 கிராம். பழைய பெட்டியில் இந்த இரண்டும் கலந்தே கிடக்கும். இடது, வலது இறக்கைக்கு ஒரே எடையில் தகடு தேறாது. விமானத்தின் மொத்த எடை 20% கூடினால், விழாமல் பறக்கும் குறைந்தபட்ச வேகம் ஏறத்தாழ 10% கூடும். வேகச் சுற்றுக்கும் மெதுச் சுற்றுக்கும் உள்ள விகிதத்துக்கும் புள்ளி உண்டு என்பதால் அடி நேராக அங்கே விழுகிறது.

அடுத்தது டை-கட், அதாவது அச்சால் அழுத்திப் பாகங்களை வெட்டும் பழைய முறை. மழுங்கிய அச்சு மரத்தை வெட்டாமல் நசுக்கிவிடும். ரிப்பை (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டம்) விரலால் தள்ளினால் நார் கிழிந்து நுனியோடு வரும். தகட்டின் பின்பக்கத்தை 320 உப்புத்தாளால் தேய்த்து, கோடு தெரிந்த பிறகு கத்தியால் வெட்டி எடுக்க வேண்டும். லேசரில் இந்த வேலையே இல்லை. கருகிய விளிம்பை மட்டும் லேசாகத் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள், பசை நன்றாகப் பிடிக்கும்.

பழைய பெட்டியில் வரும் நைலான் பாகங்கள் காலப்போக்கில் நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும். பெல்கிராங்கை (கம்பியின் இழுப்பை வாலுக்குக் கடத்தும் நெம்பு) அப்படியே போடாதீர்கள். திராட்டிலுக்கு (எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க) வழக்கமாக மூன்றாவது கம்பி தேவை என்பதால் மூன்று கம்பி பெல்கிராங்க் எப்படியும் புதிதாக வாங்கத்தான் போகிறீர்கள். கொக்கியை வெறும் பால்சாவில் திருகினால் முதல் இறக்கத்திலேயே பிய்த்துக்கொண்டு போகும். எந்தக் கிட்டானாலும் இரு பக்கமும் 1/16 அங்குல பிளைவுட் வைத்து போல்ட்டை ஊடுருவப் போடுங்கள்.

பழைய பெட்டிக்கு ஒரே பலம் மறுவிற்பனை. பாகங்கள் முழுதாக, தகடு பிரிக்காமல் இருந்தால் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குவார்கள். ஒரு ரிப்பை வெட்டியதும் அந்த மதிப்பு போய்விடும். ஏற்கெனவே வாங்கியிருந்தால் வரைபடத்தை ஸ்கேன் செய்து, தகடுகளைப் பிரிக்காமலே ஒளிநகல் எடுத்து, பெட்டியை அப்படியே மூடி வையுங்கள். அந்த நகலை வைத்து, நீங்களே எடை பார்த்து வாங்கிய பால்சாவில் வெட்டிக் கட்டலாம். முன்னர் வேறு விமானங்கள் கட்டிப் பழகியவர்களுக்குத்தான் இந்த வழியைச் சொல்வேன்.